பூனாவா, கோரிமேடா?

போன வாரம் காலை நடை முடிந்து, கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே வழக்கம்போல் உட்கார்ந்திருந்தோம். எங்கள் நடைக் கூட்டத்து நண்பர் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், பேரனுக்கு நீட்டில் நல்ல மார்க். ஜிப்மர் கிடைச்சிடும் போலிருக்கு. பூனா மிலிட்டரி காலேஜ்லேர்ந்தும் கூப்பிடுவாங்களாம். வீடு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்குது. உங்க வீட்டிலும் போன வருஷம் இதே கதைதானே? எழுதுங்களேன், எனக்கும் பிரயோஜனமா இருக்கும்."

அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதற்கு இரண்டு வரியில் பதில் சொன்னால் தப்பாகப் போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் டாக்டர் இல்லை, பட்டாளத்துக்காரனும் இல்லை. கல்வே காலேஜில் பிரெஞ்சில் படித்துவிட்டு, இங்கிலீஷைத் தட்டச்சு மெஷினில் கற்றுக்கொண்டு, புதுச்சேரி அரசில் கிளார்க்காக முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியவன். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது. அதோடு, இந்தப் பிரச்சினையில் நானே ஒரு தரம் தப்பாக வாதாடியவன். ஆகவே பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். நம்மில் பலர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

கோரிமேட்டு ஜிப்மரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் ஆனது. நம் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால், அங்கே கட்டணம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு குறைவு.

பூனாவில் இருப்பது ஏஎஃப்எம்சி, ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. 1948-இல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எம்பிபிஎஸ் படிக்கச் சேர்க்க ஆரம்பித்தது 1962-இல். வருடத்துக்குச் சுமார் 150 பேர் சேர்கிறார்கள். அதில் பெண்களுக்கு முப்பது இடம்தான். நீட் மதிப்பெண்ணோடு விட மாட்டார்கள். அதற்கு மேல் ஒரு தேர்வு, நேர்காணல், உடல் பரிசோதனை எல்லாம் உண்டு. கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும், படிப்பு முடியும் வரை கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசு செலவு. முடித்தவுடன் முப்படை மருத்துவப் பிரிவில் அதிகாரி. சிலருக்கு நிரந்தரப் பணி. சிலருக்குக் குறுகிய காலப் பணி, அதாவது ஏழு வருடம். நடுவில் வேண்டாமென்றால் பல லட்சம் பாண்டுத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும்.

நம் பென்ஷன்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. மிலிட்டரி என்றால் ஆயுசுக்கும் பென்ஷன் என்று எல்லோரும் நினைக்கிறோம். குறுகிய காலப் பணியில் இருப்பவருக்குப் பென்ஷன் கிடையாது. நிரந்தர அதிகாரிக்கும் இருபது வருடம் முடித்தால்தான் உண்டு.

இன்னொன்று. இந்த ஊரில் "பூனாவில் இலவசம்" என்பது ஒரு வாதமே அல்ல. ஜிப்மர் வாசலில் இருக்கும்போது பணத்தைக் காட்டிப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. கோடிக் கணக்கில் செலவு வைக்கும் தனியார் கல்லூரிக்கும் பூனாவுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கிற குடும்பத்தின் கதை வேறு. நம் வீட்டில் கேள்வி சுத்தமாக நின்றது. சீருடை போட்ட டாக்டரா, சீருடை போடாத டாக்டரா? அந்தச் சீருடையின் பாரத்தை வீட்டில் யார் யார் சுமப்பது?

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் மருமகன் தவறி ஐந்து வருடம் ஆகிறது. மகள் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்களோடுதான் இருக்கிறாள். மூத்தவள்தான் இந்தப் பேத்தி. இளையவன் போன வருடம் ஒன்பதாவது படித்தான். அப்பா போன பிறகு கேஸ் சிலிண்டர் பதிவதிலிருந்து, என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது வரை எல்லாம் பேத்திதான். பதினெட்டு வயதில் அவள்தான் வீட்டுக்குப் பெரிய மனுஷி.

அவளுக்கு ஜிப்மர் நிச்சயம் என்று ஆன அதே வாரத்தில் பூனாவிலிருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். நான்தான் பேசினேன். பேசினேன் என்ன, முழு நீளக் குறிப்பே எழுதினேன். இடது பக்கம் பூனா, வலது பக்கம் ஜிப்மர் என்று கோடு கிழித்து, அலுவலகக் குறிப்புத் தாள் மாதிரி.

என் வாதத்தின் சாரம் இது. ஜிப்மரில் படித்துவிட்டுப் பிறகு பட்டாளத்துக்குப் போகலாம். எம்பிபிஎஸ் முடித்த எந்த டாக்டரும் முப்பது வயதுக்குள் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மேல்படிப்பு முடித்தவருக்கு முப்பத்தைந்து வரை. முதலில் ஐந்து வருடம், அப்புறம் விருப்பப்பட்டால் பதினான்கு வருடம் வரை நீட்டிக்கலாம். சேரும்போதே கேப்டன். ஆனால் பூனாவில் கையெழுத்துப் போட்டுவிட்டால், படிப்பும் பயிற்சியும் ஏழு வருடப் பணியும் சேர்த்து முப்பது வயது தாண்டித்தான் திரும்பிப் பார்க்க முடியும். ஒரு கதவு இரண்டு பக்கமும் திறக்கும், இன்னொன்று உள்ளே போக மட்டும் திறக்கும். மனசு தெளியாத நிலையில் எந்தக் கதவில் நுழைவது? எந்த அதிகாரியிடம் வைத்தாலும் அந்தக் குறிப்பு மறுபேச்சில்லாமல் 'ஏற்கப்பட்டது' ஆகியிருக்கும்.

அந்த வாதத்தில் சட்டப்படி தப்பு எதுவும் இல்லை. இன்றைக்கும் பல பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அதை நான் எழுதிய காரணம் வேறு. அதைச் சொல்ல என் பெரியப்பாவின் கதைக்குப் போக வேண்டும்.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. இந்தோசீனா, அப்புறம் அல்ஜீரியா. எங்கள் வயதுக்காரர்கள் ஒவ்வொருவர் தெருவிலும் இப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருந்திருப்பார். மூன்று வருடத்துக்கு ஒரு தரம் வருவார். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்க சென்ட் வாசனை. பெரியம்மா எங்களோடு கூட்டுக் குடும்பத்தில் இருந்தார்கள். அவர்களுடைய இரண்டாவது பையன் எனக்கு ஒரு வயது இளையவன். ஜுரத்தில் போய்விட்டான். தந்தி போயிற்று. பெரியப்பா வந்து சேர்ந்தது எட்டு மாதம் கழித்து. திண்ணையில் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் குடும்பம் பிரான்சு, தம்பி குடும்பம் இந்தியா. அப்போது எனக்குப் பதினோரு வயது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வயதும் இல்லை. ஆனால் பெரியம்மாவையும் யாரும் கேட்கவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தபோதும் கேட்கவில்லை, குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோதும் கேட்கவில்லை.

பட்டாளத்தில் சேர்வதற்குப் பிரெஞ்சில் 'ஆங்கஜ்மான்' என்பார்கள். வாக்குக் கொடுப்பதற்கும் அதே சொல்தான். பள்ளியில் அந்தச் சொல்லைப் படித்தபோதெல்லாம் எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வரும். வாக்குக் கொடுத்தவர் சைகோனில் இருந்தார். அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர் முத்தியால்பேட்டையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நான் நன்றி கெட்டவன். பெரியப்பா அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டு ஓடு மாறியது. என் அக்கா கல்யாணம் நடந்தது. என் பள்ளிப் புத்தகங்களும் அதில்தான். அவர் காலமான பிறகு பெரியம்மாவுக்கு வந்த பிரெஞ்சு பென்ஷன், என் முதல் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. கடைசி வரை யாரிடமும் கை நீட்டாமல் இருந்தார்கள். எனக்கு அதுவும் தெரியும், திண்ணையும் தெரியும்.

இந்த இரண்டும் மனசில் இருந்ததால்தான் பேத்திக்கு அந்தக் குறிப்பை எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் தாளை வாங்கி முழுவதும் படித்தாள். என் பேத்தி அல்லவா, கடைசி வரி வரை படித்தாள். பிறகு கேட்டாள்.

"தாத்தா, ஜிப்மர் முடிச்சப்புறம் ஆர்மிக்குப் போலாம்னு எழுதியிருக்கீங்க. அப்ப எனக்கு இருபத்து நாலு வயசு. அப்ப என்னை விடுவீங்களா? கல்யாணம்னு சொல்வீங்க. அம்மாவுக்கு வயசாச்சும்பீங்க. தம்பி படிப்பும்பீங்க. கதவு ரெண்டு பக்கமும் திறக்கும்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அது பேப்பர்ல மட்டும்தான் திறக்கும்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்து வருட சர்வீஸில் எந்த மேலதிகாரியும் என் குறிப்பை இப்படித் திருப்பி அனுப்பியதில்லை.

அன்று இரவு தூக்கம் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது அத்தனையும் நிஜம். இருபத்து நாலு வயதில் வரன் பார்ப்போம். மாப்பிள்ளை வீட்டார் பட்டாளம் வேண்டாம் என்பார்கள். நாங்களும் தலையாட்டுவோம். நான் திறந்து வைத்ததாகச் சொன்ன கதவை நாங்களே இழுத்துச் சாத்தியிருப்போம். அதைவிட உறுத்திய விஷயம் இன்னொன்று. கண் டாக்டரிடம் என்னை யார் கூட்டிப்போவது என்பதுதான் அந்தக் குறிப்பை என் கையில் எழுத வைத்தது. பெரியம்மாவின் கண்ணீரை அதற்கு முன்னால் சாட்சியாக நிறுத்திவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காப்பி குடித்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். ஒன்பதாவது படிக்கும் பேரனையும் சேர்த்து. இந்தத் தடவை நான் எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்டேன்.

பேத்தியிடம் முதல் கேள்வி. "வீட்டில் பணக் கஷ்டமே இல்லை, அப்பா உயிரோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள். அப்போதும் பூனாதானா?" இதைக் கேட்கக் காரணம் உண்டு. குடும்பத்தின் பாரத்தைக் குறைக்கிறேன் என்று தியாகமாகப் பட்டாளத்துக்குப் போகிற பிள்ளையும் பார்த்திருக்கிறேன், வீட்டை விட்டு ஓடுவதற்காகப் போகிற பிள்ளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் பத்து வருடத்துக்குத் தாங்காது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பவும் அதான் தாத்தா" என்றாள். தரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டாவது கேள்வி என் மகளிடம். "அவள் இல்லாமல் உனக்கு எது முடியாது? பொதுவாகச் சொல்லாதே, எது என்று சொல்." மகள் அழுதாள். பிறகு சொன்னாள். "ராத்திரி எனக்கு உடம்புக்கு முடியலைன்னா யார்ப்பா ஆட்டோ கூப்பிடுவா? அதுதான். மத்ததெல்லாம் சமாளிச்சிடுவேன்." ஒரு வாரமாகப் பாத்திரத்தை உருட்டியதற்குக் காரணம் அந்த ஒரு பயம்தான். அவள் கணவர் போனது ஒரு நடு ராத்திரி. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. எதிர்வீட்டுப் பையன் கார் வைத்திருக்கிறான். அன்று மாலையே அவனிடம் பேசினோம். பேரன் தன் போனில் ஆம்புலன்ஸ் நம்பரைப் பதிந்துகொண்டான். சின்ன ஏற்பாடுதான். ஆனால் மகள் முகம் மாறியது.

மூன்றாவது கேள்வி எல்லோருக்கும். "அவள் இங்கே ஜிப்மரில் இருந்தால் அவளிடமிருந்து நாம் என்னென்ன எதிர்பார்ப்போம்?" இதற்குத்தான் வெகுநேரம் ஆயிற்று. பட்டாளம் பிள்ளையைக் கட்டிப்போடும் என்று பேசுகிறோம். வீடு போடுகிற பாண்டுக்கு வருடக் கணக்கும் இல்லை, தொகை கட்டிவிட்டு வெளியே வர வழியும் இல்லை. அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் வைக்க முடிந்தது.

அவள் பூனா போனாள். நேர்காணல், உடல் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறினாள். பாண்டில் ஒவ்வொரு வரியையும் நானே படித்துக் காட்டினேன். அந்த வேலையை மட்டும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நண்பரின் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். என் அபிப்பிராயம் இது.

பையனுக்குப் பட்டாளத்தில் உறுதியான ஆசை இல்லையென்றால், பரம்பரைப் பெருமைக்காகவோ இலவசத்துக்காகவோ அனுப்பாதீர்கள். ஜிப்மரில் படிக்கட்டும். படித்து முடித்து ஆசை வந்தால் குறுகிய காலப் பணிக்கு வழி இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு இருபத்து நாலு வயதில் நம் வீடுகளில் அந்தக் கதவை யாரும் சாத்தப் போவதில்லை. அவனுக்கு அந்தப் பழைய குறிப்புத் தாள் சரியாகப் பொருந்தும்.

உறுதியான ஆசை இருந்தால் குடும்பத்தைக் காட்டித் தடுக்காதீர்கள். பட்டாளத்து டாக்டர் என்றால் குடும்பமே கிடையாது என்பதும் சரியில்லை. இந்தியாவின் முதல் பெண் லெஃப்டினன்ட் ஜெனரல் ஆன புனிதா அரோரா இந்தக் கல்லூரியில் படித்தவர், பிறகு அதற்கே தலைவராக வந்தவர். மாதுரி கனிட்கரும் அங்கே படித்தவர்தான். அவரும் அவர் கணவரும் இருவருமே லெஃப்டினன்ட் ஜெனரல் வரை போனார்கள். அதே சமயம், எல்லைப் பகுதிப் பணி வரும், அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, சில வருடங்களுக்கு ஒரு தரம் மாற்றல் வரும், பிள்ளைகள் பள்ளி பள்ளியாக மாறும் என்பதையும் மறைக்காமல் அவனிடம் சொல்லுங்கள். நாளைக்கு அவனுக்கு வரப்போகிற மனைவியிடம் அவனும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பெரியம்மாவுக்குக் கிடைக்காத மரியாதை அது.

கடைசியாக ஒன்று, தாத்தா பாட்டிகளுக்கு. வாதாடுவதற்கு முன்னால், நம் வாதத்தில் நம்முடைய கண் டாக்டர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. அதை வெளிப்படையாகக் கேட்டால் தப்பில்லை. "நீ போனால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்" என்று சொல்லலாம். அதைச் சட்ட நுணுக்கமாக மாற்றி எழுதினால்தான் தப்பு.

என் மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். அழைப்பு வர அரை மணி தாமதமானால் முகம் வாடிவிடுகிறது. பூனா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.  தீபாவளிக்கு அவள் வருவாளா என்று இன்னும் தெரியவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் சம்மதித்தோம். ஆனாலும் மாலை ஆறு மணிக்கு வீட்டில் யாரும் டிவி போடுவதில்லை.

என்னைக் கண் டாக்டரிடம் இப்போது பேரன் கூட்டிப்போகிறான். ஸ்கூட்டரை வேகமாக ஓட்டுகிறான் என்பது மட்டும்தான் புகார். நண்பரே, அடுத்த வாரம் பேரனையும் நடைக்குக் கூட்டி வாருங்கள். முதல் கேள்வியை அவனிடம் நானே கேட்கிறேன்.